பால் பொங்கும்போது வாசித்தவள்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பஞ்சவர்ணத்துக்கு நாற்பது வயது. அவளுடைய குருவுக்கு முப்பத்தாறு.

குருவின் பெயர் உலகம்மை. எஸ்டேட்டுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் திரும்புகிற மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு சிறிய மடம் இருந்தது. மதியம் யார் வந்தாலும் அங்கே சோறு உண்டு. ஒரு சுவர் முழுக்கப் புத்தகங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் வாசிப்பார்கள். உலகம்மை பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஊர் அவரை அம்மை என்று அழைத்தது.

பஞ்சவர்ணம் முதலில் சோற்றுக்குத்தான் போனாள். வாசிப்பது காதில் விழுந்தது. கை கழுவிய பிறகும் அங்கேயே நின்றாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள் அவள். அம்மைதான் அவளைப் பத்தாவது எழுதச் சொன்னார். எழுதித் தேறினாள். இப்போது பன்னிரண்டாவதுக்கு டுடோரியலில் சேர்ந்திருந்தாள்.

அவளுடைய நாள் இருட்டோடு தொடங்கும். முதலில் ஒரு பல் ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைப்பாள். வீட்டுக்கு வந்து சமைத்து, மகள் தமயந்தியைப் பள்ளிக்கு அனுப்புவாள். பிறகு ஏலக்காய் ஸ்டோர். சாயங்காலம் டுடோரியல். அது முடிந்து வந்து ராத்திரிச் சமையல். கணவன் வீரணன் ஜீப் ஓட்டினான். மலையிலிருந்து நாலு மணிக்கெல்லாம் இறங்கிவிடுவான். கெட்ட மனுஷன் இல்லை. சமையல்கட்டு தன்னுடைய இடம் இல்லை என்று நினைப்பவன், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவில் பஞ்சவர்ணம் வாசித்தாள். ஸ்டோரில் சாப்பாட்டு இடைவேளையில், பஸ்ஸில், சோறு கொதிக்கும் நேரத்தில். அப்போது அவள் கையில் இருந்தது கடலோடிகளைப் பற்றிய ஒரு தடித்த நாவல். அம்மை புதிதாகக் கொடுத்தது.

டுடோரியல் விடுமுறையாக இருந்த ஒரு சாயங்காலம் அது. மழை வரும்போல இருந்ததால் ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். கேஸ் அடுப்பில் உலை வைத்து அரிசியைப் போட்டுவிட்டு, முன்னறைச் சுவரில் சாய்ந்து புத்தகத்தை முதல் தடவையாகத் திறந்தாள். தமயந்தி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் எதையோ பார்த்தபடி பாயில் படுத்திருந்தாள்.

ஒரு சத்தத்தில் பஞ்சவர்ணம் கண் விழித்தாள்.

வீரணன் வாசலில் நின்றான். உதட்டில் பீடி. கையில் தீப்பெட்டி. அவன் குச்சியை ஒரு தடவை உரசியிருந்தான். மழைச்சாரலில் நனைந்த குச்சி, பிடிக்கவில்லை. அடுத்த குச்சியை எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவள் மூக்கில் அந்த வாசனை ஏறியது. வீடு முழுக்க அது நிறைந்திருந்தது.

கத்த வாய் வரவில்லை. எழுந்து பாய்ந்து அவன் கையிலிருந்த தீப்பெட்டியைத் தட்டிவிட்டாள். அது தெருவில் போய் விழுந்தது. அவன் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அவனுக்கும் வாசனை தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

சோறு பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. பாயிலேயே தூங்கிப்போயிருந்த மகளை இழுத்து வெளியே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி அடுப்பை மூடியவள் பஞ்சவர்ணம்தான்.

வீரணன் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. காற்று வந்து வாசனை போன பிறகு, சுவரோரம் கிடந்த புத்தகத்தை எடுத்து பீரோவுக்கு மேலே வைத்தான்.

"இது இனிமே வேண்டாம் பஞ்சு," என்றான்.

அவளும் சரியென்று தலையாட்டினாள்.

அன்றிலிருந்து பயம் அவளோடு குடியிருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை போவாள். திரும்பி வந்து திருகைத் தொட்டுப் பார்ப்பாள். மறுபடி வாசல்வரை போவாள். ஸ்டோரில் காய்களைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது விரல்கள் நின்றுவிடும். அணைத்தேனா? மேற்பார்வையாளரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து பார்ப்பாள். அணைந்துதான் இருக்கும். பார்த்துவிட்டோம் என்ற நிம்மதி தெருமுனை வரைக்கும்கூட வராது.

தீக்குச்சி உரசும் சத்தம் எங்கே கேட்டாலும் உடம்பு தூக்கிப்போட்டது. டீக்கடைகளைத் தவிர்த்துச் சுற்றுவழியாக நடந்தாள். வீட்டில் தீப்பெட்டி இருக்கக்கூடாது என்றாள். வீரணன் பீடியைத் தெருவிலேயே முடித்துவிட்டு வந்தான். ஆனாலும் அவன் சட்டைப்பையை அவள் தடவிப் பார்ப்பாள்.

புத்தகம் என்று எதைத் திறந்தாலும் கேஸ் வாசனை வந்தது. பாடப்புத்தகத்திலும் வந்தது. டுடோரியலில் கதவோரமாக உட்கார்ந்து, ஒன்றும் எழுதாமல் எழுந்து வந்தாள். பரீட்சைக்கு அதிக நாள் இல்லை.

ஒருநாள் காலையில் தமயந்தி தலையைப் பின்னக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, நான் தூங்கும்போது என் மூக்குகிட்ட கையை வச்சுப் பார்க்காதே. எனக்குப் பயமா இருக்கு."

பஞ்சவர்ணத்தின் கை பின்னலில் அப்படியே நின்றது. மகள் தூங்குகிறாள் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முக்காலி போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்த புத்தகத்தை எடுத்தாள். அதை ஒரு துணிப்பைக்குள் போட்டு, பையின் காதை இறுகக் கட்டி, மடத்துக்கு எடுத்துப்போனாள்.

அம்மை பெரிய அண்டாவைத் தேங்காய்நார் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் பையைச் சுவரோரம் வைத்தாள். நடந்தது முழுவதையும் சொன்னாள். அம்மை துலக்குவதை நிறுத்தவில்லை.

"வேலை ரெண்டு, படிப்பு, வீடு, இந்த வாசிப்பு. எல்லாத்தையும் நான் ஒருத்தி பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒண்ணு கைதவறுச்சுன்னா எம்புள்ள போயிரும். எதை விடணும்னு சொல்லுங்கம்மா. இன்னிக்கே விட்டுர்றேன்."

"இதை விடத்தானே எடுத்துட்டு வந்திருக்கே."

"ஆமா."

"அன்னிக்கு எதுவரைக்கும் வாசிச்சே?"

பஞ்சவர்ணம் யோசித்தாள். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. மாலுமிகள் பாயை விரித்தார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியவில்லை.

"கிளம்புனதுவரைக்கும்."

"அது முதல் பக்கமாச்சே."

அவள் பையைச் சுவரோடு தள்ளி வைத்தாள்.

"வாசிச்சியா, தூங்கிட்டியா?"

பஞ்சவர்ணம் தரையைப் பார்த்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

"தூங்கிட்டேன்."

அம்மை அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, துணிப்பையின் முடிச்சை அவிழ்த்து, புத்தகத்தை வெளியே எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்குச் சாப்பிட வர்றேன். உன் வீட்டுக்காரரையும் புள்ளையையும் இருக்கச் சொல்லு."

எதை விடுவது என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை. பஞ்சவர்ணம் புத்தகத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் அதைத் தன் உடம்பில் படாமல் பிடித்திருந்தாள்.

சொன்னபடியே அம்மை வந்தார். யார் வீட்டுக்கும் போய்ச் சாப்பிட்டு அறியாதவர் தங்கள் வீட்டுக்கு வந்ததில் வீரணனுக்குப் பெருமை. புதுச்சட்டை போட்டிருந்தான். அம்மை உள்ளே நுழைந்ததும் இரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்தார். புழுக்கமாக இருக்கிறது என்று நினைத்து வீரணன் மின்விசிறிப் பக்கம் போனான். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாமி படத்துக்குக் கீழே எரிந்த விளக்கைப் பூவால் அமர்த்தினார். வீரணனிடம் கேட்டு, அவன் பஞ்சவர்ணத்துக்குத் தெரியாமல் வேட்டி மடிப்பில் வைத்திருந்த தீப்பெட்டியை வாங்கி, அதை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வரும்படி தமயந்தியை அனுப்பினார்.

சாப்பாடு முடிந்தது. பாயசம் வைக்கலாமா என்று அம்மையே கேட்டார். பாலைப் பாத்திரத்தில் ஊற்றியதும் அவர்தான். ஒரு சின்னப் பாத்திரத்தில் விளிம்புவரை ஊற்றினார். பஞ்சவர்ணம் லைட்டரால் அடுப்பைப் பற்றவைத்தாள். தீயைச் சிறியதாக வைக்கச் சொல்லிவிட்டு, அம்மை அவளை முன்னறைக்கு அழைத்துவந்தார்.

அந்த வீட்டில் அறையே இரண்டுதான். முன்னறையில் உட்கார்ந்தால் அடுப்பு நேராகத் தெரியும். வீரணன் எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தான். தமயந்தி அவன் பக்கத்தில் இருந்தாள். அம்மை பஞ்சவர்ணத்தைத் தன் அருகில் உட்காரவைத்து, புத்தகத்தை அவள் மடியில் வைத்தார்.

"வாசி. எல்லாரும் கேட்போம்."

"பால் அடுப்புல இருக்கும்மா."

"இருக்கட்டும். வாசி."

அவள் அடுப்பைப் பார்த்தாள். எழுந்திருக்கப் போனாள். அம்மையின் விரல்கள் அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தன. இறுக்கமான பிடி இல்லை. ஆனாலும் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. மாலுமிகள் பாயை விரித்தார்கள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. வரிக்கு ஒரு தடவை கண் அடுப்புக்குப் போனது. பாலின் ஓரங்களில் சின்னக் குமிழ்கள் கட்டின. அடுத்த பக்கத்தில் கரை மறைந்தது. பாலின் மேல் ஆடை படர்ந்து சுருங்கியது. மாலுமிகளில் ஒருவனுக்கு ஊரில் குழந்தை பிறந்திருந்தது. அவன் அதை இன்னும் பார்க்கவில்லை. பாலாடை நடுவில் உப்பி எழுந்தது.

"பஞ்சு, பால்," என்றான் வீரணன்.

அவள் நிமிரவில்லை. வாசித்தாள்.

பால் பொங்கி வழிந்தது. அடுப்பில் சுர்ரென்று ஒரு சத்தம். நீலத்தீ ஒரு பக்கம் மஞ்சளாகி ஒடுங்கியது. பிறகு இல்லை.

"ஏய், அடுப்பு அணைஞ்சிருச்சு."

அவள் அதே வரியை இரண்டாம் முறை வாசித்தாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. காதுக்குள் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. மூக்கில் அந்த வாசனை ஏறியது. இது எப்போதும் வருகிற வாசனையா, நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தமயந்தி தாவணியால் மூக்கை மூடினாள். நிஜம்தான். பஞ்சவர்ணம் புத்தகத்தை இறுகப் பிடித்தாள். முதுகில் வேர்வை ஓடியது. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்து தாளில் விழுந்தது. அதன் மேலேயே வாசித்தாள்.

வீரணன் அம்மையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். இருவரும் எழப்போவதில்லை என்று தெரிந்ததும் எழுந்து அடுப்படிக்கு ஓடினான். அங்கே போய்த் திகைத்து நின்றான். அடுப்பில் மூன்று திருகுகள் இருந்தன.

"பஞ்சு, எது? எந்தப் பக்கம் திருகணும்?"

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அந்த அடுப்பு வாங்கிய நாளில் கடையிலிருந்து தோளில் சுமந்து வந்தவன் அவன்தான்.

"நடுவுல. வலப்பக்கம்," என்றாள் அவள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேஸ் நின்றது. யாரும் சொல்லாமலே தமயந்தி எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்தாள். காற்று வீட்டுக்குள்ளே புகுந்து மறுபக்கம் போனது.

வீரணன் முன்னறைக்கு வந்தான். குரலை உயர்த்தாமல்தான் கேட்டான்.

"என்னம்மா வேலை இது? நாங்க எல்லாரும் செத்திருந்தா?"

"ஜன்னல் திறந்திருக்கு. விளக்கு அமர்த்தியாச்சு. தீப்பெட்டி அடுத்த வீட்டுல இருக்கு," என்றார் அம்மை.

அப்போதுதான் அவனுக்கு அதெல்லாம் உறைத்தது. கோபப்படவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

"பயந்துட்டீங்களா?"

"பின்னே, பயப்படாம?"

"அவ அந்தச் சாயங்காலத்துலேருந்து அப்படித்தான் இருக்கா. தினமும்."

வீரணன் மனைவியைப் பார்த்தான். அவள் முகம் நனைந்திருந்தது. புத்தகம் மடியில் திறந்தே கிடந்தது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தான். அன்றைக்குப் பாயசம் இல்லை. மிச்சமிருந்த பாலில் அம்மை காபி போட்டுக் கொடுத்தார். அடுப்பைப் பற்றவைப்பதையும் அணைப்பதையும் வீரணனையும் தமயந்தியையும் மாறிமாறிச் செய்யவைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அதன்பிறகு அந்த வீட்டில் பெரிய மாற்றம் ஏதும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. டுடோரியல் இருந்த நாட்களில் வீரணன் சோறு வைக்கத் தொடங்கினான். முதலில் குழைத்தான். பிறகு அரைவேக்காட்டில் வடித்தான். தமயந்தி பக்கத்தில் நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். அப்பனும் மகளும் சண்டை போட்டுக்கொண்டே சமைத்தார்கள். பரீட்சை முடியும்வரை பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகவேண்டாம் என்று அவனே சொன்னான். அந்த வருமானம் இல்லாமல் வீடு கொஞ்சம் திண்டாடியது. பஞ்சவர்ணம் விடியும்வரை தூங்கினாள். இரண்டு வாரம் தூங்கிய பிறகுதான் பாடப்புத்தகத்தைத் திறக்க முடிந்தது. அப்போதும் ஜன்னலோரமாகத்தான் உட்கார்ந்தாள்.

பரீட்சை எழுதினாள். கணக்குத்தாள் மட்டும் நம்பிக்கை இல்லை. மற்றவை பரவாயில்லை என்று தோன்றியது. கடைசிப் பரீட்சைக்கு மறுநாள், முடித்திருந்த அந்த நாவலை எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனாள்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பஞ்சவர்ணமும் உட்கார்ந்து ஒரு கட்டைப் பிரித்தாள்.

கதையின் முடிவு பிடித்திருந்ததா என்று அம்மை கேட்டார். அந்த மாலுமி ஊர் போய்ச் சேர்ந்த இடத்தில் அழுதுவிட்டதாகச் சொன்னாள். ஆனால் அவள் சொல்ல வந்தது வேறு.

"அம்மா, இன்னும் பயம் போகலை. ஸ்டோர்ல உட்கார்ந்திருக்கும்போது திடீர்னு அந்த வாசனை வருது. ஓடிப்போய்ப் பார்க்கணும்போல இருக்கு."

"ஓடுறியா?"

"இல்லை. அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கிறேன். அணைச்சிட்டேன்கிறார். சில நாள் அதுவும் கேட்கிறதில்லை."

அம்மை தலையாட்டினார்.

"ஆனா ஒண்ணு நினைச்சா எனக்குத் திக்குங்குதும்மா. அன்னிக்கு வாசிக்கும்போது நீங்க மட்டும் என் கையைப் பிடிச்சுக்கலைன்னா, பால் பொங்குனதும் நான் எழுந்து ஓடியிருப்பேன். அவர் எழுந்திருக்கவே மாட்டார். எல்லாம் பழையபடியே இருந்திருக்கும். இனிமே யார் வந்து என் கையைப் பிடிப்பாங்க?"

அம்மை ஆய்ந்த கீரையை முறத்தில் போட்டார்.

"நான் பிடிச்சுக்கிட்டா இருந்தேன்?"

"ஆமாம்மா. இந்தக் கையை."

"நீ முதல் பக்கத்தைத் திருப்புனே இல்லையா? அதுக்கு உனக்குக் கை வேணுமேன்னு, பால் பொங்குறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

பஞ்சவர்ணம் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். கீரை ஆய்வதை மறந்து, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.